'செய்யும்' என்னும் முற்றும் ஆங்கில எதிர்கால வினையாக்கமும்

முன்னுரை

தமிழ் எதிர்கால வினைமுற்றுக்கு நேராக ஆங்கிலத்தில் 'வில்' என்னும் துணைவினையை அமைத்துக் கற்பிப்பது எளிய முறையாகத் தோன்றும். அம்முறை எவ்விடத்துப் பொருந்தும், எவ்விடத்துப் பிழைபடும் என்பதைத் தென்காசி வட்டாரச் சூழல் சார்ந்த தொடர்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

வடிவ அமைப்பு

'வருவேன்', 'படிப்பேன்' என்பவற்றில் வகரமும் பகரமும் எதிர்கால இடைநிலைகளாகும். 'பூக்கும்' போன்ற அஃறிணை முற்றுகளில் 'உம்' ஈறு வரும். ஆங்கில வினைக்கு எதிர்காலம் காட்டும் விகுதி இல்லை. விருப்பப் பொருள் தந்த பழைய வினை 'வில்' எனவும், கடப்பாட்டுப் பொருள் தந்த வினை 'ஷல்' எனவும் துணைவினைகளாயின. இவற்றின்பின் வினையடி திரிபின்றி வரும்: 'ஐ வில் கம்'. முன்னரே கொண்ட எண்ணத்தைப் பெரும்பாலும் 'கோயிங் டு' உணர்த்தும்.

பொருள் வேறுபாடு

1. நாளை இம்மொட்டுப் பூக்கும்.
2. சுந்தரபாண்டியபுரத்தில் ஆடியில் சூரியகாந்தி பூக்கும்.
3. முன்பெல்லாம் இத்தோட்டத்தில் முல்லை பூக்கும்.

மூன்றிலும் வினைமுற்று ஒன்றே. ஆங்கிலத்திலோ முதலாவது 'வில் ப்ளூம்' எனவும், இரண்டாவது 'ப்ளூம்' எனும் நிகழ்கால வடிவாலும், மூன்றாவது 'யூஸ்டு டு ப்ளூம்' எனவும் அமையும். 'குற்றாலத்தில் ஆனி, ஆடியில் சாரல் விழும்' என்பதும் இரண்டாம் வகையே. 'வில்' சிலவிடத்து வழக்கத்தையும் குறிக்குமாயினும், பொது இயல்பைக் கூறும் முதன்மை வடிவம் நிகழ்காலமே.

இலக்கண நூலார் கருத்து

முக்காலத்துக்கும் உரிய இயற்கையை நிகழ்காலப் பொதுச்சொல்லால் கூறுக எனத் தொல்காப்பியர் வினையியலில் விதிக்கிறார். செய்யும் என்னும் முற்று நிகழ்வும் எதிர்வும் ஏற்கும் என்பது நன்னூலார் கருத்து. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லும், 1856-இல் முதன்முதல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில், தமிழ் எதிர்காலம் வழக்கச் செயலையும் உணர்த்துவதைச் சுட்டுகிறார். ஆகவே, இரண்டாம் தொடரை நிகழ்காலத்தின்பாற் படுத்துவதில் தொல்காப்பிய நெறியும் ஆங்கில மரபும் ஒன்றுபடுகின்றன. 'பூக்கும்' என்பதை எதிர்காலம் என்று மட்டும் பெயரிடும்போதே இவ்வொற்றுமை மறைகிறது.

முடிவுரை

மாணவர் 'வில்' சேர்க்குமுன் தமிழ்த் தொடரைச் சோதித்தல் வேண்டும். 'இனிமேல்' என்பது பொருந்தின் எதிர்காலம். 'எக்காலத்தும்', 'ஆண்டுதோறும்' பொருந்தின் நிகழ்காலம். 'முன்பெல்லாம்' பொருந்தின் இறந்தகால வழக்கம். தமிழ்வழிக் கற்போர்க்குத் தாய்மொழி இலக்கணம் ஆங்கிலத்திற்குத் தடையன்று. வடிவத்தின் பெயரை விடுத்துப் பொருளை நோக்கின், அதுவே தக்க துணையாகும்.