சீசரின் வயிறும் சீசரின் தட்டும்

கேள்வி: எங்கள் லாப்ரடார் சீசருக்கு நான்கு வயது. சாப்பாடு வைத்த ஒரு நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிடுவான். கொஞ்ச நேரத்தில் சோறு சோறாகவே கக்குவான். அதையே மறுபடி தின்னப் போவான். யாரோ சொன்னார்கள் என்று, உள்ளே மேடும் பள்ளமுமாகச் சுழல்பாதை போல இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றை வரவழைத்தேன். அதில் வைத்தால் சாப்பிடப் பத்து நிமிடம் ஆகிறது. கக்குவதும் நன்றாகக் குறைந்தது. ஆனால் மூன்று வாரமாக மலம் இளகிப் போகிறது, சில நாள் சளி போலவும் இருக்கிறது. கோழியும் சோறும், மதியம் தயிர்சோறும்தான் கொடுக்கிறோம். எடை குறையவில்லை, விளையாட்டுக்கும் குறைவில்லை. கடைக்காரர் உயரமான ஸ்டாண்டு வாங்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் மண்சட்டிதான் நல்லது என்கிறார்கள். "நாய்க்கு எதற்கம்மா இத்தனை பாத்திரம்?" என்கிறார் மாமியார். குடலில் புற்று ஏதாவது இருக்குமோ என்று எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. எந்தப் பாத்திரம் வாங்கட்டும்?
— ஆர். எம்., பழநி

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள் அம்மா. நான்கு வயது நாய், எடை குறையவில்லை, ஓடி விளையாடுகிறது, பசி எடுக்கிறது என்றால் புற்றுநோய் என் சந்தேகப் பட்டியலில் மிகவும் கீழேதான் வரும். அதற்காக இதை அப்படியே விட்டுவிடவும் கூடாது. மூன்று வாரத்தைத் தாண்டிய வயிற்றுப்போக்கை நாங்கள் நாட்பட்டது என்ற கணக்கில் வைப்போம். தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்கும் கட்டத்தைச் சீசர் தாண்டிவிட்டான்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றுதான். புதுக் கிண்ணம் வந்ததும் கக்குவது குறைந்திருக்கிறது. வயிற்றுப்போக்கு மூன்று வாரமாக இருக்கிறது என்கிறீர்கள். கிண்ணம் வந்தது எப்போது என்று எழுதவில்லை. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதுவும் மூன்று நான்கு வாரத்துக்கு முன்புதான் என்றால், அந்தக் கிண்ணமே ஒரு தொல்லையைத் தீர்த்துவிட்டு இன்னொன்றைக் கொண்டுவந்திருக்கலாம்.

கக்குவதைப் பற்றி முதலில் சொல்கிறேன். சாப்பிட்ட உடனே, வயிறு குலுங்காமல், ஓங்கரிப்பு இல்லாமல், தலையைத் தாழ்த்தியதும் சோறு அப்படியே வந்து விழுந்தால் அது வாந்தி இல்லை. எதுக்களிப்பு (உணவு இரைப்பைக்குள் போய்ச் செரிக்கத் தொடங்கும் முன்பே திரும்பி வருவது). வாந்தி என்றால் வயிற்றுத் தசை இழுத்து இழுத்து முக்கும், எச்சில் வடியும், மஞ்சளாகப் பித்தநீர் கலந்து வரும். இந்த இரண்டுக்கும் காரணமும் வேறு, பார்க்கும் வைத்தியமும் வேறு. பாத்திரத்தை மாற்றுவதால் பெரும்பாலும் பலன் தெரிவது முதல் வகையில்தான். சீசருக்குப் பத்து நிமிடச் சாப்பாடாக ஆனதும் குறைந்திருக்கிறது என்பதால், அவசரமாக விழுங்குவதுதான் காரணம் என்று ஊகிக்க இடமிருக்கிறது. மெல்லாமல் அள்ளி விழுங்கும் நாய் சோற்றோடு காற்றையும் சேர்த்து விழுங்கும். திடீரென்று உப்பிய வயிறு உள்ளே போனதைத் திருப்பி அனுப்பிவிடும்.

லாப்ரடார் இப்படித் தின்பதற்கு உங்கள் வளர்ப்பைக் குறை சொல்ல வேண்டாம். பிஓஎம்சி என்ற மரபணுவில் (பசி அடங்கிவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் பொருள்களை உண்டாக்குவது) ஒரு சிறு துண்டு விடுபட்டுப்போன லாப்ரடார்கள் நிறைய இருக்கின்றன என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினர் ராஃபன் குழுவினர் 2016-இல் கண்டறிந்தார்கள். ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறதாம். அவற்றுக்கு எவ்வளவு வைத்தாலும் போதாது. தெருநாய்க்கும் அதே நேரத்தில் வாசலில் சோறு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த நேரத்தை மாற்றிவிடுங்கள். போட்டிக்கு ஆள் நிற்கும்போது எந்த நாயும் மென்று தின்னாது. குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும் வேண்டாம்.

இனி வயிற்றுப்போக்கு. அந்த மேடுபள்ளக் கிண்ணங்கள் கடையில் வாங்கும் உலர் தீவனத்துக்காகச் செய்தவை. உருண்டை உருண்டையான தீவனம் பள்ளத்தில் கிடக்கும், நாய் நாக்கால் நெம்பி எடுக்கும், கடைசியில் கிண்ணத்தில் தூசுதான் மிஞ்சும். நாம் வைப்பது குழைந்த சோறு, கோழிச்சாறு, தயிர். அது மூலை முடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும். நாக்கும் எட்டாது, பாத்திரம் தேய்க்கும் நாரும் எட்டாது. குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் காட்டினால் மேலே பளிச்சென்று தெரியும்; பள்ளத்தின் அடியில் காலைச் சோறு அப்படியே இருக்கும். பழநி வெயிலில் மாலைக்குள் அது என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். இப்படிச் சேர்வதை உயிர்ப்படலம் (பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று பிணைந்து பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் வழவழப்பு) என்போம். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், வழுக்கினால் அதுதான். வெறும் தண்ணீருக்கு அது அசையாது. பிளாஸ்டிக்கில் பல்லும் நகமும் பட்டு விழும் கீறல்கள் அதற்கு இன்னும் வசதி. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி விடும் நச்சு ஒன்று, சோற்றைத் திரும்பச் சுடவைத்தாலும் அழியாது. அதனால் மிச்சச் சோற்றைச் சூடாக்கி மாலையில் வைக்கிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

ஆகவே நீங்கள் எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் சமையலறையில் எவர்சில்வர் தாம்பாளம் ஒன்று கட்டாயம் இருக்கும். விளிம்பு கூர்மையாக இல்லாத, ஓரம் கொஞ்சம் உயர்ந்த பழைய தாம்பாளமாகப் பார்த்துச் சீசருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். சோற்றைக் குவிக்காமல் தாம்பாளம் முழுக்க மெல்லிசாகப் பரப்பி விடுங்கள். குவியல் இல்லாவிட்டால் அள்ளி விழுங்க முடியாது. நக்கி நக்கித்தான் எடுக்க வேண்டும். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரச் சாக்கை மடித்துப் போடுங்கள். நகரும் தட்டைத் துரத்திக்கொண்டே தின்னும் நாய் இன்னும் பதற்றமாகத்தான் தின்னும். இதிலும் வேகம் குறையவில்லை என்றால் இட்லித் தட்டு இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் ஒரு கரண்டி வைத்தால் ஒவ்வொன்றாகத்தான் தின்றாக வேண்டும். இரும்புப் பணியாரச் சட்டியும் ஆகும், கனமாக இருப்பதால் புரளாது. கறுப்புப் பூச்சு பூசிய ஒட்டாத வகைச் சட்டி மட்டும் வேண்டாம், பல் பட்டால் பூச்சு உரிந்து வரும். இந்தக் குழிகள் அகலமானவை, ஆழமில்லாதவை, விரல் உள்ளே போகும். அந்தப் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் இவற்றுக்கும் எனக்குத் தெரியும் வித்தியாசம் அவ்வளவுதான். உங்கள் கவலைக்கு அது போதும். கிண்ணத்தைத் தூக்கிப் போட மனமில்லை என்றால் பொரியோ உலர் தீவனமோ வைப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டின் நடுவே பெரிய கூழாங்கல்லைப் போடு, சுற்றித் தின்னும் என்று ஒரு யோசனை ஊரில் உலவுகிறது. லாப்ரடாருக்கு அதைச் செய்யாதீர்கள். கல்லை விழுங்கி அறுவை மேசைக்கு வரும் நாய்களில் இந்த இனத்துக்குத் தனி இடம் உண்டு. கனமான டம்ளரைக் கவிழ்த்து வைத்தாலே போதும்.

ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் சோப்பும் வெந்நீரும் விட்டு நாரால் தேய்த்து, சோப்பு போக அலசி, வெயிலில் கவிழ்த்துவிடுங்கள். அந்த நாரும் சீசருக்கென்று தனியாக ஒன்று இருக்கட்டும். தண்ணீர்க் கிண்ணத்தை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அதற்கும் தினமும் இதே குளியல்தான். 2011-இல் என்எஸ்எஃப் என்ற அமெரிக்க நிறுவனம் வீடுகளில் கிருமி அதிகமுள்ள இடங்களைச் சோதித்தபோது, செல்லப்பிராணிகளின் கிண்ணம் நான்காவது இடத்தில் வந்தது.

கடைக்காரர் சொன்ன உயர ஸ்டாண்டைச் சீசருக்கு நான் சொல்ல மாட்டேன். நாயின் உணவுக்குழாய் முழு நீளத்துக்கும் நாமாக அசைக்கக்கூடிய வகைத் தசையால் ஆனது. தலையைத் தரைக்குத் தாழ்த்தி உண்டாலும் உணவை மேலே தள்ளி உள்ளே கொண்டுபோக அதற்குப் பலம் உண்டு. ஸ்டாண்டு வைத்தால் காற்று போகாது, வயிறு உப்பாது என்று விற்கிறார்கள். லாரன்ஸ் கிளிக்மேன் குழுவினர் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1,600-க்கும் மேற்பட்ட பெரிய இன நாய்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இதற்கு நேர்மாறு. உயரக் கிண்ணத்தில் தின்றவற்றுக்கும், அவசரமாகத் தின்றவற்றுக்கும் இரைப்பை முறுக்கம் (இரைப்பை காற்றால் உப்பித் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இரத்த ஓட்டம் அடைபடுவது) வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் உயரத்தைப் பற்றி இதே முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் தெளிவான பயனில்லாத ஒன்றுக்காக அந்த அபாயத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? கழுத்து வலியோ மூட்டு வாதமோ வந்து குனிய முடியாத கிழட்டு நாய்க்கு ஸ்டாண்டு உதவும். அதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும்.

உயரம் உண்மையிலேயே மருந்தாகும் நோய் ஒன்று உண்டு. உணவுக்குழாய் விரிவு (குழாய் தளர்ந்து பை போல அகன்று, உணவைத் தள்ளும் பலத்தை இழப்பது) வந்த நாய்களுக்கு ஸ்டாண்டு மட்டும் போதாது. உடலையே நிமிர்த்தி, குழந்தை நாற்காலி போன்ற ஒன்றில் உட்காரவைத்து ஊட்டி, பிறகும் பத்து இருபது நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். பெய்லி நாற்காலி என்பார்கள். இந்த நோய் வந்த நாய் இளைக்கும், இருமும், மூக்கில் சளி வடியும். சீசருக்கு இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. மெதுவாகத் தின்றும் கக்குவது தொடர்ந்தால் மட்டும் பேரியம் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கலாம். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

மண்சட்டி தண்ணீருக்குப் பரவாயில்லை. சோற்றுக்கு வேண்டாம், அதன் நுண்துளைகளில் எண்ணெயும் சாறும் இறங்கிவிட்டால் வெளியே எடுக்க முடியாது. நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: செம்புப் பாத்திரத்தில் ஊறிய தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று நாய்க்கும் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்லீரலில் செம்பு தங்கி அழற்சி வரும் இயல்பு லாப்ரடார்களிடம் உண்டு. சீசர் பக்கமே செம்புப் பாத்திரம் வர வேண்டாம்.

கிண்ணத்தின் மீது நான் சொன்னதெல்லாம் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. கொக்கிப்புழுவும் ஜியார்டியாவும் (குடலில் தங்கும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி) நம் ஊரில் சர்வசாதாரணம். சளி கலந்த மலம் என்றதுமே எனக்கு அவையும் நினைவுக்கு வந்தன. ஆகவே தட்டை மாற்றும் அன்றே மலப் பரிசோதனைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். அன்று காலை மலத்தில் இரண்டு ஸ்பூன் அளவு எடுத்து, சுத்தமான மூடியுள்ள டப்பாவில் போட்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போதும். மருந்துக்கடையில் கேட்டு நிறுத்தும் மாத்திரை கொடுக்காதீர்கள், பரிசோதனை முடிவு குழம்பிவிடும். அதுவரை ஒரு நாள் உணவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, தோல் நீக்கி உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் கொடுங்கள். தயிரைப் பத்து நாள் நிறுத்திப் பாருங்கள். பால் எப்போதுமே வேண்டாம்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். சீசர் வாந்தி எடுக்க முக்கியும் ஒன்றும் வராமல், எச்சில் ஒழுக, உட்காரவும் படுக்கவும் முடியாமல் அலைந்து, வயிறு முரசு போல இறுகி இருந்தால் அது இரைப்பை முறுக்கமாக இருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். அறுவை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே வண்டி பிடியுங்கள். வயிறு நிறையத் தின்ற உடனே ஓடவிடாமல் ஒரு மணி நேரம் கட்டி வைப்பதும் நல்லது.

மாமியாரிடம் சொல்லுங்கள், நாய்க்கு இத்தனை பாத்திரம் தேவையில்லை என்பதில் அவர் பக்கம்தான் நான். மருத்துவரிடம் போகும்போது, சீசர் கக்குவதை அலைபேசியில் ஒரு முறை படம் பிடித்துக்கொண்டு போங்கள். சாப்பிடத் தொடங்கியதிலிருந்து கக்கி முடிக்கும்வரை, இடையில் நிறுத்தாமல். வாந்தியா எதுக்களிப்பா என்பதை அவர் அதில் பார்த்தே சொல்லிவிடுவார்.