தலைக்கவசமும் கைப்பிடிச்சுவரும்



மருத்துவமனையில் போதகராக ஊழியம் செய்கிறவனிடம் வேத சந்தேகங்களைக் கேட்பவர்கள் குறைவு. வேறு கேள்விகளே அதிகம். அவற்றில் ஒன்று பல வருஷங்களாக என்னை விட்டுப் போகவில்லை.

பதினாலு வயதுப் பையன் ஒருவன் சாயங்காலம் டியூஷனுக்குச் சைக்கிளில் போனான். வீடு கட்டுவதற்காக யாரோ சாலையோரம் கொட்டிய மணல் வளைவு வரை சரிந்து கிடந்தது. சக்கரம் சறுக்கியது. கை கால்களில் சிறு சிராய்ப்புதான், ஆனால் தலை கல்லில் மோதியிருந்தது. மூன்றாம் நாள் விடியற்காலையில் அவன் மூச்சு நின்றது. அவன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருந்தா எம்புள்ள பிழைச்சிருப்பானா?" என்று கேட்டார்கள்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. அது பதில் சொல்லும் நேரமும் அல்ல. ஆனால் நாளைக் காலையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகப்போகிற பிள்ளைகளின் பெற்றோருக்குப் பதில் தேவை. ஆகவே இந்த மாதப் பாடத்தில் அதைச் சிந்திப்போம்.

1. மரணப்படுக்கையருகே கற்ற பாடம்

'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' என்று பெயர்பெற்ற டி. இ. லாரன்ஸ், 1935-ம் ஆண்டு மே 13 அன்று இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். சைக்கிளில் சென்ற இரண்டு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பியபோது தூக்கியெறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவற்றுக் கிடந்து, 46-ம் வயதில் மரித்தார்.

அவரைப் பார்க்க வந்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்த மூளை அறுவை நிபுணர். அவரால் லாரன்ஸைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அந்தக் கட்டிலை அவர் மறக்கவுமில்லை. இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள் 2,279 பேர் சாலை விபத்தில் இறந்தார்கள் என்றும், தலைக்காயமே முதன்மையான காரணம் என்றும் 1941-ல் மருத்துவ இதழில் எழுதினார். அதே ஆண்டு நவம்பரில், செய்தி கொண்டுசெல்லும் இராணுவ வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பொதுமக்களுக்கு அது சட்டமானது 1973-ல்தான். ஒருவரின் சாவு பலருக்குப் பாதுகாப்பாக மாற இத்தனை காலம் பிடித்தது!

2. சைக்கிளில் போகிறவருக்கும் பயன் உண்டா?

உண்டு. சைக்கிள் தலைக்கவசத்தின் உள்ளே கெட்டியான தெர்மாகோல் போன்ற நுரைப்பொருள் இருக்கிறது. தலை தரையில் மோதும்போது அது நசுங்குகிறது. மண்டையோடு தாங்கவேண்டிய அடியின் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்கிறது. உலகின் பல பகுதிகளில் செய்யப்பட்ட 40 ஆய்வுகளை, 64,000-க்கும் அதிகமான காயமுற்றோர் விவரங்களோடு, 2016-ல் சேர்த்துப் பார்த்தார்கள். தலைக்கவசம் அணிந்தவர்களுக்குக் கடுமையான தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு சுமார் 69 சதவீதம் குறைவு என்று கண்டார்கள்.

ஆனால் அதன் எல்லையையும் அறியவேண்டும். ஐரோப்பியத் தரச் சோதனையில் அது தரையில் மோதும் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான். சைக்கிளிலிருந்து விழுகிற வேகம் அது. வேகமாக வரும் லாரிக்கு எதிராக அது செய்யப்படவில்லை.

3. சட்டம் போட்டால் போதுமா?

"நான் அணியலாமா?" என்பது ஒரு கேள்வி. "அணியாதவரைத் தண்டிக்கலாமா?" என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

உலகிலேயே முதன்முதலாக, 1990-ம் ஆண்டு ஜூலை 1 முதல், கெய்ர்ன்ஸ் பிறந்த அதே ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலம் எல்லாச் சைக்கிள் ஓட்டிகளுக்கும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு மார்ச்சில் 31 சதவீதம் பேர் அணிந்திருந்தார்கள். அடுத்த மார்ச்சில் 75 சதவீதம். தலைக்காயங்களும் குறைந்தன. ஆனால் மெல்போர்ன் நகரில் சைக்கிள் ஓட்டும் வாலிபப் பிள்ளைகளின் எண்ணிக்கையும் நன்றாகக் குறைந்துவிட்டது. சட்டத்திற்குப் பயந்து சைக்கிளையே விட்டவர்கள் தேக அப்பியாசத்தையும் இழந்தார்கள்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரம் அடங்கிய கிங் கவுண்டியில் 1993 முதல் இருந்த கட்டாயச் சட்டத்தை 2022-ல் நீக்கிவிட்டார்கள். தலைக்கவசம் பயனற்றது என்பதால் அல்ல. அபராதச் சீட்டு வீடற்ற ஏழைகள்மேலும் கறுப்பின மக்கள்மேலும் அதிகமாக விழுந்தது என்பதே காரணம். இல்லாதவனைத் தண்டிப்பதால் அவன் தலைக்குப் பாதுகாப்பு வந்துவிடுமா?

நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் இருசக்கர வாகனத்தில் செல்கிறவர்களுக்கே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மிதிக்கும் சைக்கிளுக்கு அது பொருந்தாது. ஆகவே சைக்கிளைப் பொறுத்தவரை இது நம் வீட்டில் தீர்மானிக்கவேண்டிய காரியம்.

4. கைப்பிடிச்சுவர் யாருடைய கடமை?

உபாகமம் 22-ம் அதிகாரம் 8-ம் வசனத்தில், புதுவீடு கட்டுகிறவனுக்கு ஒரு கட்டளை உண்டு. மெத்தையைச் சுற்றிலும் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும். ஏறுகிறவன் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று அவன் சும்மா இருக்கமுடியாது. அங்கிருந்து ஒருவன் விழுந்தால் இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். இங்கே கடமை விழுகிறவன்மேல் அல்ல, கட்டுகிறவன்மேல் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நெதர்லாந்து தேசத்தில் பெரும்பாலோர் தலைக்கவசமின்றியே சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஆனால் அதன் பின்னணி என்ன? 1971-ல் அந்தச் சிறிய தேசத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் சாலையில் மாண்டார்கள். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் சிறுவர்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அதன்பின் சைக்கிளுக்கென்று தனிப்பாதைகள் போடப்பட்டன, குடியிருப்புத் தெருக்களில் வாகனங்களின் வேகம் குறைக்கப்பட்டது. அந்தத் தேசம் கைப்பிடிச்சுவர் கட்டியது. நம் சாலைகளில் அந்தச் சுவர் இல்லை. சுவர் இல்லாத மெத்தையில் நடக்கிற பிள்ளைக்குத் தலைக்கவசம் கூடுதல் அவசியம். அதற்காக, தலைக்கவசம் கொடுத்துவிட்டோம், இனிச் சுவர் வேண்டாம் என்று சொல்லிவிடவும் கூடாது.

5. நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கும்போதே தலைக்கவசத்தையும் வாங்குங்கள். சபையாகச் சேர்ந்து ஏழைப் பிள்ளைக்கோ கிராம ஊழியருக்கோ சைக்கிள் தானம் செய்தால், தலைக்கவசத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அளவு பாருங்கள். முன்விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கவேண்டும், பின்னால் சரியக்கூடாது. தாடைவார் ஒரு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கமாக இருக்கட்டும். அப்பாவின் மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் சிறு பிள்ளையின் கழுத்துக்குப் பாரம்.

மூன்றாவது, ஒருமுறை பலமாக அடிபட்டால் மாற்றிவிடுங்கள். வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நுரை நசுங்கியிருக்கும்.

நான்காவது, சைக்கிளை விட்டு இறங்கியதும் கழற்றச் சொல்லுங்கள். அதோடு மரம் ஏறினாலோ ஊஞ்சல் ஆடினாலோ வார் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும்.

ஐந்தாவது, உங்கள் வாசலுக்கு முன்னால் மணலோ ஜல்லியோ சாலையில் கிடந்தால் இன்றைக்கே அள்ளிவிடுங்கள்.

அந்தத் தாய்க்கு இன்று நான் பதில் சொல்லவேண்டியிருந்தால் இப்படிச் சொல்லுவேன்: "அம்மா, பிழைத்திருக்கலாம். நிச்சயம் என்று எந்த மருத்துவராலும் சொல்லமுடியாது. ஆனால் அந்த மணலைக் கொட்டினது நீங்கள் அல்ல. அதைத் தாண்டிப் போன நாங்கள் எல்லாரும் அதை அள்ளாமல் விட்டோம்."

சிந்தனைக்கு:

1. உங்கள் வீட்டிலிருந்து தினமும் சைக்கிளில் வெளியே போகிறவர் யார்? அவர் தலைக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

2. நம் ஆலய வாசலுக்கு வரும் சாலையில் ஆபத்தான இடம் எது? அதைச் சரிசெய்ய யாரிடம் மனு கொடுக்கலாம்?

3. அடிபட்டவரைக் குற்றப்படுத்தி, நம் கடமையிலிருந்து நாம் தப்பித்துக்கொண்டது உண்டா?