இராயப்பரும் பேதுருவும்

எங்கள் பாட்டிமார் இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்ற திருத்தூதர்களைப் பக்கத்து வீட்டு சி.எஸ்.ஐ. பாட்டி பேதுரு, பவுல், யோவான் என்பார். ஆட்கள் அதே மூவர்தாம், பெயரில்தான் பிரிவு!

1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்புக்கு உழைக்கும்படி கத்தோலிக்கரை அழைத்தது. அதன் கனியாக, இரு தரப்பு அறிஞரும் கூடி மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995-இல் வெளிவந்தது. அதில் பேதுரு, பவுல், யோவான் என்றே வாசிக்கிறோம். பாட்டியின் சொல்லை விட்டுக்கொடுப்பது எளிதன்று. ஆயினும் அன்பு விட்டுக்கொடுக்கும்.

சிவகாசியில் பட்டாசு ஆலை வெடித்தால், காயமுற்றவர் எந்தச் சபை என்று நாம் கேட்பதில்லை, அனைவருக்காகவும் செபிக்கிறோம். துன்ப நாளில் இயல்வது மற்ற நாளில் இயலாதா? தோழியரே, ஜனவரி 18 முதல் 25 வரை வரும் ஒன்றிப்பு வாரத்தில் பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து செபிப்போமா?