விரல் பட்டால் இசைக்கும் கைத்தொலைபேசி

என் தம்பிக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே அவனுடைய கைத் தசைகளுக்குப் பலம் குறைவு. சென்ற பெருநாளுக்கு மாமா அவனுக்கு ஒரு விளையாட்டுப் பியானோ வாங்கி வந்தார். தம்பி ஆசையோடு விரலை வைத்தான். கட்டை இறங்கவில்லை. இரண்டாம் தடவையும் முயன்றான். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதைத் தள்ளி வைத்துவிட்டு, உம்மாவின் கைத்தொலைபேசியை எடுத்துப் படம் பார்க்கத் தொடங்கினான்.

பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. பியானோக் கட்டையை இறக்க முடியாத அதே விரல், தொலைபேசித் திரையில் மட்டும் எப்படி இலகுவாக வேலை செய்கிறது? அப்படியானால் அந்தத் திரையையே வாத்தியமாக்கினால் என்ன? அந்த முயற்சியில் நான் கற்றுக்கொண்டவற்றைத் தோழியரோடு பகிர்ந்துகொள்கிறேன்.

திரை விரலை எப்படி அறிகிறது?

தொடுதிரையின் கண்ணாடிக்குக் கீழே, ஒளியை ஊடுபுகவிடும் மின்கடத்தி ஒன்று குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகளாகப் பரவியிருக்கிறது. பெரும்பாலும் இதற்குப் பயன்படுவது இந்தியம் வெள்ளீய ஒட்சைட்டு. கோடுகள் சந்திக்கும் ஒவ்வோர் இடமும் நாம் பௌதிகவியலில் படிக்கும் கொள்ளளவியைப் போன்றது. மனித உடலும் மின்னைக் கடத்தும். எனவே விரல் நெருங்கியதும் அவ்விடத்தின் கொள்ளளவம் மாறுகிறது. உள்ளேயுள்ள சில்லு அந்த மாற்றத்தை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று கணிக்கிறது.

இதில் அழுத்தத்துக்கு வேலையே இல்லை. விரல் பட்டாலே போதும். தடித்த கம்பளிக் கையுறையோடு தொட்டால் திரை பேசாமல் இருப்பதும் இதனால்தான். இத்தகைய தொடுதிரையை 1965ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மோல்வேர்னில் பணியாற்றிய ஈ. ஏ. ஜோன்சன் விவரித்தார்.

சுரமும் கணக்கும்

ஒலி என்பது அதிர்வு. ஒரு செக்கனில் எத்தனை அதிர்வுகள் என்பதே மீடிறன். மீடிறன் இரட்டிப்பானால் அதே சுரம் மேல்தாயியில் கேட்கும். இந்த இடைவெளியைப் பியானோ 12 சம விகிதப் படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏற, ஏறத்தாழ 1.0595ஆல் பெருக்க வேண்டும்.

கணிப்பானை எடுத்துப் பாருங்கள். 440 ஹேர்ட்ஸை ‘த’ என்று கொள்வோம். இரண்டு தடவை பெருக்கினால் 494, அது ‘நி’. இன்னொரு தடவை பெருக்கினால் 523. அது மேல் ‘ச’. அதைப் பாதியாக்கினால் 262. அது கீழ் ‘ச’. இப்படிக் கணித்தபோது எனக்குக் கிடைத்த எட்டுச் சுரங்கள் இவை:

ச 262, ரி 294, க 330, ம 349, ப 392, த 440, நி 494, மேல் ச 523.

செய்த முறை

முதலில் கணினியில் ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளைத் திறந்தேன். அதில் ‘டோன்’ என்ற கட்டளைக்கு மீடிறனைக் கொடுத்தால் அதற்குரிய ஒலியை உருவாக்கித் தரும். ஒவ்வொன்றையும் ஒரு செக்கன் நீளத்துக்கு உருவாக்கினேன். வெறும் ஒலி கடிகார அலாரம் போலக் கேட்டது. ‘ஃபேட் அவுட்’ கொடுத்து முடிவை மெல்ல அடங்கச் செய்ததும் மணி தட்டியது போல இனிமையாயிற்று. எட்டையும் தனித்தனிக் கோப்புகளாகச் சேமித்தேன்.

அடுத்து எம்.ஐ.டி. அப் இன்வென்டர். இதுவும் இலவசம். நிரலை எழுத வேண்டியதில்லை; கட்டங்களைப் பொருத்தினால் போதும். திரையில் எட்டுப் பொத்தான்களையும் எட்டு ஒலிகளையும் வைத்து, “இந்தப் பொத்தானுக்கு இந்த ஒலி” என்று இணைத்தேன். முடிந்ததும் உம்மாவின் அன்ட்ரொய்ட் தொலைபேசியில் நிறுவினேன். என் விரலுக்கு அழகாக ஒலித்தது.

தம்பியின் விரலுக்கு ஒலிக்கவில்லை.

பிழைகள் கற்பித்தவை

அவன் விரலை வைத்தான்; சத்தமில்லை. மெதுவாக எடுத்தபோதுதான் ஒலித்தது. பிழை என்னுடையது. நான் தெரிவு செய்திருந்த ‘கிளிக்’ கட்டம், விரல் திரையை விட்டு எழும்போதே இயங்கும். நமக்கு அது கண் இமைக்கும் நேரம். விரலைச் சட்டென்று தூக்க முடியாத அவனுக்கு அது நீண்ட காத்திருப்பு. ‘டச் டவுன்’ என்ற கட்டத்துக்கு மாற்றினேன். தொட்ட கணமே ஒலித்தது.

அடுத்து, ஒரே சுரத்தை வேகமாகத் தட்டினால் சில தட்டல்கள் காணாமற்போயின. தேடிப் பார்த்தபோது, ஒலிக்குரிய ‘மினிமம் இன்டர்வல்’ 500 மில்லிசெக்கனாக இருந்தது. அரைச் செக்கனுக்குள் வரும் இரண்டாவது தட்டலை அது புறக்கணித்துவிடும். அதைப் பூச்சியமாக்கினேன்.

மூன்றாவது, பொத்தான்கள் சிறியவை. அவன் விரல் நழுவிப் பக்கத்துச் சுரத்தில் பட்டது. தொலைபேசியைக் கிடையாக வைத்து, திரையின் முழு உயரத்துக்கும் எட்டுப் பட்டைகளாக மாற்றினேன். யாருக்காகச் செய்கிறோமோ அவருடைய கையில் கொடுத்துப் பார்க்காத கருவி பாதிக் கருவிதான் என்பது அன்று விளங்கியது.

நமக்கு முன்னே போனவர்கள்

நான் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. 2007இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கைத்தொலைபேசிகளையே வாத்தியங்களாகக் கொண்ட இசைக்குழு ஒன்று தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான கெ வாங், 2008இல் ஐபோனுக்கு ‘ஒக்கரினா’ என்ற செயலியை உருவாக்கினார். ஒலிவாங்கியில் ஊதிக்கொண்டு, திரையிலுள்ள நான்கு வட்டங்களை விரலால் மூடித் திறந்தால் குழல் போல இசைக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இணையம் செயலியை உருவாக்கும்போது மட்டுமே தேவைப்பட்டது. இப்போது விமானப் பயன்முறையில் போட்டுத்தான் தம்பியிடம் தொலைபேசியைக் கொடுக்கிறோம். இது வைத்தியம் அல்ல; வைத்தியர் சொன்ன பயிற்சிகள் வேறாக நடக்கின்றன. ஆனால் முன்பெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இப்போது அதில் எதையாவது செய்துகொண்டிருக்கிறான்.

முதல் நாள் மாலை ‘ப’வை மட்டும் பதினைந்து இருபது தடவை தட்டினான். குசினியிலிருந்து உம்மா, “போதும் மகன், காது வலிக்குது” என்றார். அவன் சிரித்துக்கொண்டே பக்கத்துப் பட்டைக்கு விரலை நகர்த்தினான்.