அகழி சூழ்ந்த வீடுகள்: சான்றிலிருந்து முடிவுக்கு

'அகழி' என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் உடனே கோட்டை, போர், முற்றுகை என்பார்கள். இந்த முடிவு எப்போதும் சரிதானா? இங்கிலாந்தின் கிராமப்புறத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை வகுப்பில் ஆராயலாம்.

இங்கிலாந்தில் ஏறத்தாழ 6,000 இடங்களில் இடைக்கால அகழிகளின் தடங்கள் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலானவை 1250 முதல் 1350 வரையிலான காலத்தில் வெட்டப்பட்டவை. நடுவில் சதுரமான அல்லது நீள்சதுரமான திட்டு, அதில் வீடு, சுற்றிலும் நீர். அங்கே வாழ்ந்தவர்கள் நிலக்கிழார்களும் வசதியான உழவர்களுமே. கென்ட் பகுதியிலுள்ள இட்டம் மோட் என்னும் வீடு இன்றும் நீர் சூழ நிற்கிறது.

வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு சான்றைத் தருக.

1. பல அகழிகளின் உட்புறம் வலுவான மதில் இல்லை.
2. சில அகழிகள் வீட்டின் எல்லாப் பக்கங்களையும் சூழவில்லை.
3. சஃபோக், எசெக்ஸ் போன்ற களிமண் நிலப் பகுதிகளில் இவை மிகுதி.
4. பல அகழிகளுடன் மீன் குளங்கள் இணைந்துள்ளன.

"இந்தச் சான்று போருக்கான அகழி என்பதற்கு வலுச் சேர்க்கிறதா? வேறு காரணம் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். முதல் இரண்டும் பெரும்படையைத் தடுக்கும் நோக்கத்தோடு பொருந்தவில்லை. களிமண்ணில் நீர் எளிதில் இறங்காது. அதனால் அகழியில் நீர் தங்கும், வீட்டுத் திட்டும் ஈரமின்றி இருக்கும். மீன் உணவாகும். செல்வர்களின் அரண்மனைகளைப் போல் வீடு அமைத்துத் தம் மதிப்பைக் காட்டும் ஆசையும் ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. 'பாதுகாப்பு அறவே இல்லை' என்று மாணவர்கள் மறுகோடிக்குப் போய்விடக் கூடாது. திருடர்களையும் காட்டு விலங்குகளையும் தடுக்க அகழி உதவியிருக்கும். ஒரே அமைப்புக்குப் பல பயன்கள் இருக்கலாம்.

மேல்வகுப்புகளில் இன்னொரு வினாவையும் சேர்க்கலாம்: வீடு அழிந்த பின்னும் அகழி ஏன் தொல்லியலாளருக்கு முக்கியம்? நீர் நிறைந்த சேற்றில் காற்று குறைவு. ஆகவே மரம், தோல், விதை, மகரந்தம் ஆகியவை மட்காமல் நிலைக்கின்றன. அறிவியல் பாடத்தோடு இதை இணைக்கலாம்.

மதிப்பீட்டில், 'அகழி எதற்காக?' என்ற வினாவுக்கு ஒற்றைச் சொல் விடையை ஏற்க வேண்டாம். "நான் இப்படிக் கருதுகிறேன்; ஏனெனில் இந்தச் சான்று உள்ளது" என்று மாணவர் எழுதினால் முழு மதிப்பெண் அளியுங்கள். வரலாறு மனப்பாடத்திலிருந்து சிந்தனைக்கு மாறுவது அந்த 'ஏனெனில்' என்ற சொல்லில்தான்.