தேடுசொல்லும் வணிகமும்: காஞ்சிபுரம் பட்டுச்சேலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

இணைய வணிகத்தில் விற்பவரையும் வாங்குபவரையும் முதலில் இணைப்பது தேடுபொறியில் இடப்படும் சொல்லாகும். அச்சொல்லைத் தேர்ந்துகொள்பவர் வாங்குபவர். அவருடைய சொல்லும் விற்பவருடைய சொல்லும் பொருந்தாதபோது, பொருள் சந்தையில் இருந்தும் கண்ணில் படாமற் போகிறது. புணர்ச்சி, எழுத்துவடிவம், வட்டார வழக்கு, துறைச்சொல் ஆகியன இப்பொருத்தத்தைப் பாதிக்கும் முறையைக் காஞ்சிபுரம் பட்டுச்சேலையைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தேடுசொல், இணையச் சந்தைப்படுத்தல், புணர்ச்சி, வட்டார வழக்கு, துறைச்சொல், கோர்வை.

முன்னுரை

நாளிதழ் விளம்பரமும் கடைப் பெயர்ப்பலகையும் வணிகரின் சொல்லால் அமைந்தவை. வணிகர் கூற, வாங்குபவர் கேட்டார். தேடுபொறி இவ்வரிசையை மாற்றியமைத்தது. இங்கு வாங்குபவர் முதலில் பேசுகிறார். வணிகர் விடை கூறுபவராகிறார். 1998ஆம் ஆண்டில் கோடூ என்னும் தளம் தேடுசொற்களை ஏலமிட்டு, விளம்பரம் சொடுக்கப்படும்போது கட்டணம் பெறும் முறையைத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டில் ஆட்வேர்ட்ஸ் என்னும் விளம்பரச் சேவையைத் தொடங்கிய கூகுள், 2002இல் ஏலத்தொகையோடு விளம்பரத்தின் பொருத்தப்பாட்டையும் கணக்கிட்டு இடம் ஒதுக்கலாயிற்று. இவ்வாறு சொல் விலையுடைய பொருளாயிற்று. எனவே, சொல்லாராய்ச்சியில் தேர்ந்த தமிழியலுக்கும் இத்துறையில் இடமுண்டு.

தேடலின் நோக்கம்

ஆண்ட்ரேய் பிரோடர் 2002இல் இணையத் தேடலை நோக்கத்தின் அடிப்படையில் மூன்றாகப் பகுத்தார். செய்தி அறிய முனைவது, குறிப்பிட்ட தளத்தை அடைய முனைவது, வாங்குதல் போன்ற செயலை முடிக்க முனைவது என்பன அவை. ‘பட்டுச்சேலை துவைக்கும் முறை’ முதல் வகை; ‘கோஆப்டெக்ஸ்’ இரண்டாம் வகை; ‘பட்டுச்சேலை விலை’ மூன்றாம் வகை. விற்பனைக்கு அண்மையில் இருப்பதால் மூன்றாம் வகைச் சொற்களையே வணிகர் பெரிதும் நாடுகின்றனர். ஆயினும், சேலையைப் பேணுவது எவ்வாறு, அசல் சரிகையை அறிவது எவ்வாறு என்னும் வினாக்களுக்குத் தெளிவான விடை தரும் கடை, வாங்கும் எண்ணம் உருவாகும் முன்னரே நம்பிக்கையைப் பெறுகிறது.

சொல்வடிவமும் எழுத்தும்

தமிழில் ஒரே பொருளைத் தேடுபவர்கள் ஒரே வடிவில் எழுதுவதில்லை. இலக்கணப்படி ‘பட்டுச்சேலை’ என வல்லெழுத்து மிகும். விரைந்து தட்டச்சிடுவோரிடம் ‘பட்டு சேலை’ என்னும் வடிவமும் வழங்குகிறது. ஊர்ப்பெயர் காஞ்சிபுரம், காஞ்சீபுரம், காஞ்சி, காஞ்சிவரம் எனப் பலவாறு எழுதப்படுகிறது. சேலை, புடவை என்பன இருவேறு வழக்குகள். மணமகள் உடுத்தும் சேலையை ஈழத்தமிழர் ‘கூறை’ என்பர். அதில் றகரத்திற்குப் பதிலாக ரகரம் வரின் வீட்டின் மேற்பரப்பைக் குறிக்கும் ‘கூரை’யாகிவிடும். பலபொருள் ஒருசொல்லும் இடர் தருகிறது. ‘கரை’ சேலையின் ஓரத்தையும் ஆற்றின் ஓரத்தையும் குறிக்கும். ‘பட்டு’ பெயராகவும் ‘படு’ என்னும் வினையின் எச்சமாகவும் வரும்.

இவற்றோடு, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதித் தேடுவோரும் உளர். குறில் நெடில் வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் அவ்வெழுத்தில் நிலைபெறுவதில்லை. 2019இன் இறுதியில் கூகுள், சொற்களின் சூழலை நோக்கிப் பொருளுணரும் பெர்ட் என்னும் மொழிநுட்பத்தைத் தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளின் தேடலுக்கு விரிவுபடுத்தியது. இத்தகைய நுட்பம் வடிவ வேறுபாட்டின் இடரைக் குறைக்கக்கூடும். ஆனால், தளத்தில் எழுதப்படாத செய்தியை எந்நுட்பமும் தேடித் தர இயலாது.

துறைச்சொல்லின் நிலை

வடிவ வேறுபாட்டினும் ஆழமானது, நெய்பவர் சொல்லுக்கும் வாங்குபவர் சொல்லுக்கும் உள்ள இடைவெளி. மரபுவழிக் காஞ்சிபுரம் சேலையில் உடலும் கரையும் தனித்தனி நிற ஊடையால் நெய்யப்பட்டு, நெசவின்போதே ஒன்றோடொன்று பிணைக்கப்படும். இதுவே கோர்வை. இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும்; நெசவாளருக்குத் துணையாக மற்றொருவரும் தறியருகில் இருத்தல் வேண்டும். விலை வேறுபாட்டிற்கு இவ்வுழைப்பும் ஒரு காரணம். நெசவை அறியாத வாங்குபவர் ‘கோர்வை’ எனத் தேடுவதில்லை. ‘கல்யாணப் பட்டு’ என்றோ ‘எடை குறைந்த பட்டு’ என்றோ தேடுகிறார். தேடப்படும் சொல்லுக்கேற்ப எழுத விழையும் வணிகர், தேடப்படாத ‘கோர்வை’யை விட்டுவிடுகிறார். எழுதப்படாமையால் அச்சொல் புதியவருக்கு அறிமுகமாவதில்லை, அறிமுகமாகாமையால் தேடப்படுவதில்லை. இச்சுழற்சியில் கோர்வைச் சேலையும் கோர்வையற்ற சேலையும் ஒரே பெயரின்கீழ் நிற்க, விலை ஒன்றே ஒப்பீட்டு அளவாகிறது. இழப்பு நெசவாளரைச் சேர்கிறது.

1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்க் காஞ்சிபுரம் பட்டு பதிவுபெற்றுள்ளது. அப்பதிவு பொருளின்மீது பெயர் இடும் உரிமையைக் காக்கிறது. தேடுசொல்லாக அப்பெயரை ஏலத்தில் எடுப்பவர் யார் என்பது வாங்குபவர் கண்ணுக்குப் புலப்படாத களம். வணிகக் குறியைத் தேடுசொல்லாகப் பயன்படுத்துவதும் விளம்பரப் பயன்பாடே எனவும், குழப்பம் விளையாதவிடத்து அது தன்னளவில் உரிமைமீறலாகாது எனவும் தில்லி உயர்நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. ஆகவே, சட்டத்தை மட்டும் சார்ந்திராமல், தன் பொருளின் சிறப்பைத் தானே விளக்கி எழுதும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உள்ளது.

வணிகமும் தமிழியலும் ஆற்றத்தக்கவை

கூகுளும் கேபிஎம்ஜி நிறுவனமும் 2017இல் வெளியிட்ட அறிக்கை, 2016இல் இந்திய மொழிகளில் இணையத்தைப் பயன்படுத்துவோர் 23.4 கோடியினர் எனவும், ஆங்கிலத்தில் பயன்படுத்துவோர் 17.5 கோடியினர் எனவும் மதிப்பிட்டது. 2018இல் கூகுளின் விளம்பரச் சேவைகள் தமிழையும் ஏற்றன. இந்நிலையில் மூன்று பணிகள் இன்றியமையாதவை. முதலாவதாக, பக்கத்தின் தலைப்பில் வாங்குபவர் சொல்லையும் விளக்கத்தில் நெசவாளர் சொல்லையும் இணைத்து எழுதுதல் வேண்டும். ‘கோர்வைக் கரையுடைய கல்யாணப் பட்டுச்சேலை’ என்னும் தொடர் தேடுபவரை வரவேற்பதோடு புதிய சொல்லையும் கற்பிக்கிறது. இரண்டாவதாக, ஒரே சொல்லின் பிழைவடிவங்களை அடுக்கிப் பக்கத்தை நிரப்புதலைத் தவிர்த்தல் வேண்டும். அது வாசிப்பவரை அகற்றும், தேடுபொறி நெறிகளுக்கும் முரணாகும். மூன்றாவதாக, கைத்தொழில்களின் துறைச்சொற்களை வட்டார வழக்கு, எழுத்துவடிவ வேறுபாடு, ரோமன் வடிவம் ஆகியவற்றோடு தொகுக்கும் அகராதியைத் தமிழ்த்துறைகள் உருவாக்குதல் வேண்டும்.

முடிவுரை

தேடுபவரின் சொல் இணையச் சந்தைப்படுத்தலின் தொடக்கமாக அமைவதும், தமிழில் அச்சொல் புணர்ச்சியாலும் வழக்காலும் எழுத்தாலும் பல்கி நிற்பதும் இவ்வாய்வால் பெறப்படுகின்றன. வாங்குபவர் சொல்லை மட்டும் பின்பற்றும் வணிகம் உடனடி வருகையைப் பெறினும், பொருளின் மதிப்பை விளக்கும் துறைச்சொல்லை இழக்கிறது. இரண்டையும் இணைக்கும் எழுத்தே வணிகருக்கும் நெசவாளருக்கும் பயன் தரும். மண்பாண்டம், பாய் முடைதல், வெண்கல வார்ப்பு முதலிய தொழில்களின் சொற்களையும் இந்நோக்கில் ஆராய இடமுண்டு.