ஒரு வேளை விருந்தும் ஒரு பாத்திக் கீரையும்

மணிமேகலையின் கையில் இருந்த அமுதசுரபியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எடுக்க எடுக்கக் குறையாமல் சோறு சுரந்த அந்தப் பாத்திரம், அவளுக்கு முன்பு ஆபுத்திரன் என்பவனிடம் இருந்தது. அவன் பிறந்தவுடன் தாயால் ஒரு தோட்டத்தில் கைவிடப்பட்ட குழந்தை. ஏழு நாள் ஒரு பசு அவனுக்குப் பால் கொடுத்துக் காத்தது. பின்பு இளம்பூதி என்னும் அந்தணர் எடுத்து வளர்த்தார். ‘ஆ’ என்றால் பசு. பசு காத்த மகன் என்பதால் அவன் ஆபுத்திரன் ஆனான். பெற்றோரை அறியாமல் வளர்ந்தவனிடம் ஊருக்கே சோறிடும் பாத்திரத்தைச் சாத்தனார் கொடுத்திருக்கிறாரே, ஏன் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. சென்ற ஆண்டு, தில்லியில் எங்கள் தமிழ் வகுப்பு மாணவர்களுடன் ஓர் இல்லத்திற்குச் சென்று வந்தபின் அது எனக்குச் சற்று விளங்கியது.

எங்கள் வகுப்பில் 14 மாணவர்கள். பெற்றோர் திருநெல்வேலி, சேலம், கடலூர் எனப் பல ஊர்களிலிருந்து வேலைக்காகத் தலைநகருக்கு வந்தவர்கள். பள்ளிக்கு அருகே ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்று உள்ளது. அங்கே 40 பேர் வாழ்கின்றனர். தீபாவளியன்று அவர்களுக்கு ஒரு வேளை விருந்து அளிப்பது என்று மாணவர்கள் சூலை மாதத்திலேயே முடிவு செய்தனர். என்ன உணவு பிடிக்கும் என்று கேட்டுவரப் போனோம்.

இல்லத்தைக் கவனித்துக்கொள்ளும் அம்மையாரை எல்லாரும் ‘தீதி’ என்று அழைப்பார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு பதிவேட்டைப் பிரித்து எங்கள் முன் வைத்தார். முந்தைய ஆண்டின் தீபாவளி வாரத்தில் மட்டும் பதினொரு பேர் இனிப்புப் பெட்டிகளுடன் வந்திருந்தார்கள். அதற்கடுத்த மூன்று வாரங்களுக்குரிய பக்கங்கள் வெறுமையாக இருந்தன. சமையலறையில் மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு. விலை குறைவு, விரைவில் அழுகாது. பச்சைக் காய்கறி என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிறுமியர் சிலருக்கு இரத்தசோகை இருப்பதாக மருத்துவர் சொல்லியிருந்தார். பத்து வயதுச் சிறுவன் ஒருவன் எட்டிப் பார்த்து, “இந்த முறையும் லட்டுதானா?” என்று கேட்டான். என் மாணவர்கள் சிரிக்கவில்லை.

கட்டடத்தின் பின்புறம் உடைந்த செங்கல்லும் புல்லும் மண்டிய வெற்றுநிலம் கிடந்தது. “இங்கே காய்கறி பயிரிடலாமே!” என்றாள் ஒருத்தி. “எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் சோறு தருகிறேன் என்று வருபவர் யாரும் மண்வெட்டி தருகிறேன் என்று வருவதில்லையே” என்றார் தீதி.

மறுநாள் கணக்குப் போட்டோம். அரசின் மதிய உணவுத் திட்டத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர் ஒருவருக்கு ஒரு வேளைக்கு 75 கிராம் காய்கறி என்று அளவு வகுத்துள்ளனர். அந்த அளவில் 40 பேருக்கு ஒரு வேளைக்கு 3 கிலோ வேண்டும். சிறு தோட்டம் முழுத் தேவையையும் நிறைவு செய்யாது. ஆயினும் கீரைக்காவது கடைக்குப் போக வேண்டியதில்லை. மண்வெட்டி இரண்டு 700 ரூபாய், களைக்கொத்து நான்கு 400, தண்ணீர்க் குழாய் 1,500, தொழுவுரம் 20 மூட்டை 3,000, விதைகள் 600. ஆக மொத்தம் 6,200 ரூபாய்.

பணம் திரட்டுவது எளிதாக இருக்கவில்லை. ஒரு மாணவன் கண்ணீர் வடிக்கும் குழந்தையின் படம் வரைந்து, இல்லத்தின் பெயரையும் எழுதிச் சுவரொட்டி ஆக்கினான். நன்றாகவே வரைந்திருந்தான். தீதி அதை ஏற்கவில்லை. “இத்தகைய குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடச் சட்டமே தடை விதிக்கிறது. நீ வரைந்தது வேறு முகம்தான். ஆனால் இங்குள்ளவர்கள் இதைப் பார்த்தால் தங்களையே வரைந்ததாக நினைப்பார்கள். நாளை அவர்களும் உன்னோடு பேருந்தில் வருவார்களே” என்றார். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் அவ்வாறுதான் கூறுகிறது. அவன் அன்றிரவே படத்தைக் கிழித்துவிட்டு, மண்வெட்டி ஒன்றை வரைந்து, அதன் கீழே மேற்கண்ட கணக்கை அப்படியே எழுதி வந்தான்.

பெற்றோருள் ஒருவர், “சோற்றுக்கு என்றால் இப்போதே ஆயிரம் ரூபாய் தருவேன். சாணத்திற்கா கேட்கிறீர்கள்?” என்றார். அவர் மகளே விடை சொன்னாள்: “அப்பா, சென்ற ஆண்டு நாம் கொடுத்த சோறு அன்று மாலையே தீர்ந்துவிட்டது. பாலக்கீரையை அறுத்தால் மறுபடியும் தழைக்கும்.” அவர் உடனே ஒன்றும் தரவில்லை, இரண்டு நாள் கழித்து ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வரவழைத்தார். அதில் இருந்தவை பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி உருவாக்கிய பி.கே.எம்.1 என்னும் செடிமுருங்கையின் விதைகள். ஆகத்து மாதம் பள்ளி விழாவில் மாணவர்கள் சுண்டலும் குழிப்பணியாரமும் விற்றார்கள். வீடு வீடாகச் சென்று பழைய செய்தித்தாள் திரட்டி எடைக்குப் போட்டார்கள். எல்லாம் சேர்ந்து 7,350 ரூபாய் ஆயிற்று.

இனித் தோட்டம். வெண்டையும் தண்டுக்கீரையும் போடலாம் என்று என் மாணவர்கள் பட்டியலோடு போனார்கள். இல்லத்துப் பிள்ளைகளோ முள்ளங்கியும் வெந்தயக்கீரையும் வேண்டும் என்றார்கள். பராத்தாவில் வைத்து உண்ண அவைதாம் ஏற்றவையாம். சிறிது நேரம் வாக்குவாதம் நடந்தது. நான் குறுக்கிடவில்லை. அப்போது பீகாரின் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த பதினைந்து வயது இளைஞன், “அக்டோபரில் இங்கே குளிர் தொடங்கும். வெண்டை வராது” என்றான். அவ்வளவுதான், பட்டியல் மடிக்கப்பட்டது. அன்று முதல் அவனே எங்களுக்கு ஆசிரியன். நகரத்தில் பிறந்த என் மாணவர்களுக்கு மண்வெட்டியைப் பிடிக்கவும், பாத்தி கட்டவும், விதையை எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்பதையும் அவன்தான் கற்றுக் கொடுத்தான். தமிழில் ‘பாத்தி’ என்று சொன்னதும் அதைத் தன் ஏட்டில் இந்தி எழுத்தில் குறித்துக்கொண்டான். மழைக்காலம் முடியுமுன்பே ஒரு மூலையில் முருங்கை ஊன்றப்பட்டது.

நவம்பரில் குரங்குகள் வந்தன. ஒரே காலையில் இரண்டு பாத்தி முள்ளங்கியைப் பிடுங்கி எறிந்துவிட்டன. வலை வாங்க 2,400 ரூபாய் வேண்டும். கையில் மீதம் 1,150. மறுபடியும் கேட்க மாணவர்கள் கூசினார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இழப்பை மறைக்காமல், நடந்ததை நடந்தவாறே எழுதி, எஞ்சிய 1,250 ரூபாயைக் கேட்டுப் பெற்றோருக்கு மடல் அனுப்பினோம். சாணத்திற்கா என்று கேட்டவரே முதலில் தந்தார்.

திசம்பரில் ஒரு ஞாயிறன்று எங்களை விருந்துக்கு அழைத்தார்கள். வெந்தயக்கீரை பராத்தா, முள்ளங்கித் துண்டுகள், எலுமிச்சை. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடல் நன்கு ஏற்க எலுமிச்சையின் உயிர்ச்சத்து ‘சி’ துணை செய்யும். உணவோடு தேநீர் அருந்தினால் அச்சத்துக் குறைவாகவே உடலில் சேரும். ஆதலால் தேநீரை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்திருந்தார்கள். லட்டைப் பற்றிக் கேட்ட சிறுவன் வாயிலில் நின்று, கை கழுவாத யாரையும் உள்ளே விடவில்லை. எங்களை உட்காரவைத்து அவர்களே பரிமாறினார்கள்.

முருங்கை மட்டும் குளிரில் இலையெல்லாம் உதிர்த்துக் குச்சியாய் நின்றது. அந்த இளைஞன் அதைச் சுற்றிச் சாக்கு கட்டியிருந்தான். ‘பட்டுவிட்டது’ என்றே நாங்கள் எண்ணினோம். மார்ச்சு மாதம் அவனிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. இந்தியில் எழுதியிருந்தான்: “உங்கள் மரம் துளிர்த்துவிட்டது. நிறைய இலை. இதை எப்படிச் சமைப்பது?”

சொற்பொருள்
சுரத்தல் – ஊறிப் பெருகுதல்
பாத்தி – செடி வளர்க்க வரப்பிட்டு வகுத்த சிறு நிலப்பகுதி
தொழுவுரம் – மாட்டுச் சாணம் முதலியவை மட்கிய உரம்
கூசுதல் – நாணித் தயங்குதல்
பட்டுவிட்டது – (மரம்) உயிரற்றுக் காய்ந்துவிட்டது

பயிற்சி
1. தீதி சுவரொட்டியை ஏற்க மறுத்தது ஏன்? நீங்கள் அந்த மாணவனாக இருந்திருந்தால் என்ன வரைந்திருப்பீர்கள்?
2. ஆபுத்திரனின் கதையைப் பாடத்தின் தொடக்கத்தில் ஆசிரியர் கூறியது ஏன் என்று உங்கள் வகுப்பில் உரையாடுக.
3. நீங்கள் வாழும் ஊரில் அக்டோபரில் விதைக்கக்கூடிய மூன்று காய்கறிகளின் பெயர்களைத் தமிழிலும் அவ்வூர் மொழியிலும் கேட்டு எழுதுக.
4. முருங்கைக்கீரை சமைக்கும் முறையை வீட்டில் பாட்டியிடமோ அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டறிந்து, அந்த இளைஞனுக்கு ஒரு மடல் எழுதுக.